வாசலில் நின்ற சிமென்ட் வாளி

அண்ணே,

சர்வீசுக்கு விட்டிருந்த காரை இன்று காலை எடுத்து வந்து, உங்கள் வாசலில் ரிவர்ஸ் போட்டேன். பின்னால் ‘டொக்’ என்று ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் உங்கள் சிமென்ட் வாளி. நடுவில் நட்ட இரும்புக் குழாயோடு, நீங்கள் எங்கே வைப்பீர்களோ அதே இடத்தில், ஒன்றும் நடக்காததுபோல நின்றுகொண்டிருந்தது.

உங்கள் காரியம் முடிந்த அன்று உங்கள் மகனும் நானும்தான் அந்த வாளியை உருட்டிக்கொண்டுபோய் உங்கள் வீட்டுச் சந்துக்குள் தள்ளினோம். வீடு பூட்டிக் கிடக்கிறது. கேட்டும் பூட்டித்தான் இருக்கிறது. சாவி எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. பிறகு வாளி எப்படி வெளியே வந்தது? அதுகூடப் பரவாயில்லை. குழாயின் தலையில், நீங்கள் கட்டுவதுபோலவே, ஒரு துண்டு கட்டியிருந்தது. உங்கள் துண்டு இல்லை. ஓரம் கிழிந்த, கட்டம் போட்ட என் துண்டு.

கோபம் வரும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. ஒன்றும் விளங்காமல் நின்றதுதான் மிச்சம்.

என்னைப் பற்றி உங்களுக்குத் தெரியும். செம்பட்டியிலிருந்து வெறுங்கையோடு திண்டுக்கல்லுக்கு வந்து, அடுத்தவன் கடையில் பைப் சுமந்து, பிறகு சொந்தமாக பைப், மோட்டார் கடை போட்டவன். கடைவாசலில் ஒருவன் செருப்பைக் கழற்றும்போதே அவன் வாங்க வந்தவனா, விலை கேட்டுவிட்டுப் போக வந்தவனா என்று சொல்லிவிடுவேன். உங்களிடம் மட்டும் அது நடக்கவில்லை. பக்கத்து வீட்டில் இத்தனை வருஷம் இருந்தும், நீங்கள் என்ன சரக்கு என்று எனக்குப் பிடிபடவே இல்லை. போன பிறகும் பிடிபடவில்லை.

நம் தெரு குறுகல். உங்கள் வாசலில் மட்டும் கொஞ்சம் வயிறு தள்ளிக்கொண்டு அகலமாக இருக்கும். ஒரு கார் ஒதுங்கி நிற்கலாம், மற்ற வண்டிகளும் போகலாம். என் வாசலிலோ மின்கம்பமும் சாக்கடை மூடியும். கார் வாங்கியவுடன் என் கண் உங்கள் வாசலில் விழுந்தது நியாயம்தானே? பழனி வண்டியில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற உங்களிடம் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது, சைக்கிள்கூடக் கிடையாது. ஆனால் அந்த இடத்தை ஒரு நாள் விட்டதில்லை. முதலில் ரெண்டு செங்கல் வைத்தீர்கள். பிறகு ஒரு ஓட்டை நாற்காலி. கடைசியாகத்தான் வாளி.

அந்த வாளி பிறந்த கதையை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்தே வருகின்றன. ஒருநாள் கடைக்கு வந்து, இடுப்பளவு உயரத்துக்கு ஒரு இரும்புக் குழாய் வேண்டும் என்றீர்கள்.

“என்னத்துக்குண்ணே?”

“ஒரு காரியம் இருக்கு. நல்ல கனமாப் பாத்துக் குடு அப்பு.”

பக்கத்து வீட்டுக்காரர் முதன்முதலாகக் கடைக்கு வந்திருக்கிறார் என்று இருப்பதிலேயே நல்ல குழாயை எடுத்து, விலையைக் குறைத்து, வெட்டிய முனை கையைக் கிழிக்கும் என்று மூடிவேறு மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் காலையில் பார்த்தால், பழைய பெயின்ட் வாளியில் சிமென்ட் கலவையைக் கொட்டி, அதன் நடுவில் அந்தக் குழாயை நட்டு, உங்கள் ஈரிழைத் துண்டை அதில் கட்டி, நான் காரை நிறுத்த நினைத்த இடத்தின் நட்டநடுவே வைத்திருந்தீர்கள்.

அன்றைக்குத்தான் நேராகக் கேட்டேன். இந்த இடம் யாருக்கு என்று. மகனுக்கு என்றீர்கள். புனேயிலிருந்து அவன் கார் எடுத்துக்கொண்டு வருவான் என்றீர்கள். வரும்போது நான் எடுத்துக்கொள்கிறேன், அதுவரை நிறுத்துகிறேன் என்று சொன்னேன்.

“ஏலே அப்பு, பஸ் சீட்டுல துண்டு கெடந்தா என்ன அர்த்தம்?”

“ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

“அம்புட்டுத்தான்” என்று உள்ளே போய்விட்டீர்கள்.

இன்னொரு நாள் நீங்களே வகையாக மாட்டினீர்கள். வண்டி பஸ் நிலையத்துக்குள் நுழைவதற்கு முன்பே ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பவர்களுக்கும், படி ஏறி வந்து நிற்பவர்களுக்கும் ஒட்டன்சத்திரத்தில் நடக்கும் சண்டையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். உங்கள் தீர்ப்பு ஒன்றே ஒன்றுதானாம். வண்டி கிளம்பும்வரை துண்டுக்கு மரியாதை. கிளம்பிய பிறகும் ஆள் வரவில்லையென்றால், துண்டை மடித்து மேலே வைத்துவிட்டு, நிற்கிறவரை உட்காரச் சொல்லிவிடுவீர்களாம். நான் விடுவேனா? உங்கள் வாசல் துண்டு எத்தனை வருஷமாகக் கிடக்கிறது, ஆள் வந்தபாடில்லையே என்று கேட்டேன். நீங்கள் வெற்றிலைக் காம்பைக் கிள்ளிப் போட்டுவிட்டு, தெருவை அந்தக் கோடி முதல் இந்தக் கோடி வரைக்கும் பார்த்தீர்கள்.

“வண்டி இன்னும் கெளம்பலையே” என்றீர்கள்.

எந்த வண்டி, எங்கே கிளம்பவில்லை என்று அன்று ராப்பூராவும் யோசித்தேன்.

நான் எல்லா வழியும் பார்த்தேன். உங்கள் போர்வெல் மோட்டார் நின்றுபோனபோது, கடை ஆளைவிட்டுப் புது மோட்டார் மாதிரி ஆக்கிக் கொடுத்தேன். வந்தவருக்குக் காப்பி கொடுத்தீர்கள், எனக்கும் கொடுத்தீர்கள், தண்ணீர் நன்றாக ஏறுகிறது என்று தெருவெல்லாம் சொன்னீர்கள். வாளி அசையவில்லை. வார்டு கவுன்சிலரைக் கூட்டிவந்தேன். பொதுத் தெருவில் யாரும் இடம் பிடிக்கக் கூடாது என்று அவர் சட்டம் பேச வந்தார். அவர் காரை விட்டு இறங்குவதற்காக நீங்களே வாளியைச் சாய்த்து உருட்டி வழிவிட்டீர்கள். இறங்கியதும் டிரைவரிடம், “எறக்கிட்டேல்ல, கெளம்பு” என்று சொல்லி அனுப்பிவிட்டு வாளியைப் பழைய இடத்தில் வைத்தீர்கள். கவுன்சிலர் தன் காரைத் தேடி, தெருவைத் தாண்டியிருக்கும் பொட்டல் வரைக்கும் நடந்து போனார். பிறகு என் போனை எடுக்கவில்லை.

நீங்கள் செய்ததெல்லாம் நல்லதுக்குத்தான் என்று இப்போது எழுதிவிட எனக்கு மனசு வரவில்லை. என் மகளுக்கு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் கீரனூரிலிருந்து வேனில் வந்த அன்று, ஒருமணி நேரம், ஒரே ஒருமணி நேரம் கேட்டேன். வேனை வாசலில் நிறுத்தி எல்லோரையும் இறங்கவிட்டு, தாம்பாளங்களை எல்லாம் பத்திரமாக இறக்கவிட்டு, கடைசித் தட்டு இறங்கியதும் வேனைப் போகச் சொல்லிவிட்டீர்கள். சம்பந்தி முகம் சுருங்கிவிட்டது. பெண் வீட்டில் வண்டி நிற்கக்கூட இடமில்லையா என்று அவர் மச்சினர் குத்தினார். நான் வெளியே வந்து உங்களிடம் கத்தினேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை.

“மொதலாளி, இது ஸ்டாப்பு. டிப்போ இல்ல.”

இன்னொரு தடவை, உறவுக்காரர் ஒருவர் தெரியாமல் அங்கே காரை விட்டுவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது டயரில் காற்று இறங்கியிருந்தது. யார் இறக்கியது என்று யாரும் பார்க்கவில்லை. எனக்குப் பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை.

எனக்கு அந்த இடம் எதற்கு என்றும் உங்களுக்குத் தெரியும். என் வீட்டுக்காரி செல்விக்கு மூட்டு ஆபரேஷன் ஆன பிறகு அவளால் பொட்டல் வரைக்கும் நடக்க முடியவில்லை. அவசரம் ஆபத்து என்றால் கார் வீட்டுப் பக்கத்தில் நிற்க வேண்டும். இதை உங்கள் முகத்துக்கு நேரே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். நீங்கள் தலையை ஆட்டுவீர்கள். வாளியை விட மாட்டீர்கள்.

ஆனால் ஆஸ்பத்திரியிலிருந்து அவளை அழைத்து வந்த அன்று, நான் ஹாரன் அடிப்பதற்குள் நீங்கள் வெளியே வந்து வாளியை ஓரமாக உருட்டிவிட்டு, கார்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டீர்கள்.

“பதறாத தாயி. செத்த நேரம் உக்காந்துக்க. இப்ப நல்ல கால மொதல்ல ஊனு.”

அவள் படி ஏறி உள்ளே போகும்வரை பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு காரின் கூரையில் உள்ளங்கையால் ரெண்டு தட்டு. “ரைட், போகலாம்.” அவ்வளவுதான். நான் பொட்டலில் காரை விட்டுவிட்டு வெயிலில் நடந்து வந்தேன்.

ஒரு காலை நீங்கள் எழுந்திருக்கவில்லை. தெரு முழுக்கக் கூடியது. சாமியானா உங்கள் வாசல் அகலத்துக்கு அளவெடுத்ததுபோல நின்றது. பந்தல்காரர் கயிறு கட்டக் கம்பம் தேடினார். உங்கள் வாளிக் குழாயில் கட்டச் சொன்னேன். நல்ல குழாய், அசையவில்லை. உங்கள் மகன் மதுரைக்கு விமானத்தில் வந்து, அங்கிருந்து டாக்சியில் வந்து இறங்கினான். எல்லாம் முடிந்த பிறகு, அப்பா உன் காருக்காகத்தான் இந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தார் என்று அவனிடம் சொன்னேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

“எனக்குக் காரே இல்ல சித்தப்பா. ஓட்டவும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியுமே.”

நீங்களே நிறுத்திக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு, வாளியை உருட்ட ஒரு கை கொடுத்தான்.

அன்று முதல் என் கார் உங்கள் வாசலில். வருஷக்கணக்கில் பேரம் பேசியும் மசியாத சரக்கு, சும்மா கைக்கு வந்துவிட்டது. தினமும் ராத்திரி ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்துவிட்டுத்தான் படுத்தேன். கூடவே ஒரு கேள்வியும் படுத்துக்கொண்டது. மகனுக்குக் கார் ஓட்டத் தெரியாது என்று தெரிந்தே, அவன் காருக்கு ஏன் இடம் பிடித்தீர்கள்?

இன்று காலை அந்த வாளியில் இடித்த பிறகு, துண்டை அவிழ்க்காமல் உள்ளே போய்ச் செல்வியிடம் கேட்டேன். அவள் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“நான் எங்க தூக்குறது. கேஸ்காரத் தம்பிகிட்டச் சாவியக் குடுத்து எடுத்து வைக்கச் சொன்னேன். துண்டு மட்டும் நான் கட்டுனது.”

“ஏன்?”

“நீங்க ஸ்கூட்டர்ல கடைக்குப் போயிர்றீங்க. கார் பகலெல்லாம் அங்கயே படுத்துக் கெடக்கு. பிசியோதெரபிக்குப் போற ஆட்டோ ஒதுங்க எடமில்லன்னு தெருமுனையிலயே எறக்கிவிட்டுட்டுப் போறான். அங்கருந்து செவத்தப் பிடிச்சுப் பிடிச்சு வாரேன்.” அவரைக்காயின் நாரை இழுத்து எறிந்தாள். “காருக்கு எடம் கெடச்சிருச்சு. எனக்கு எறங்க எடம் போச்சு.”

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்டேன். இம்புட்டு சந்தோஷமாக நிறுத்துகிற ஆளிடம் எப்படிச் சொல்வது என்றாள். நீங்கள் இருந்தபோது ஆட்டோ வாசலிலேயே வந்து நிற்குமாம். சிலிண்டர் வண்டி, ஸ்கூல் வேன், கோடி வீட்டுப் பெரியவரை ஏற்ற வரும் ஆம்புலன்ஸ் எல்லாம் அங்கேதான் ஒதுங்குமாம். நான் கடையில் இருக்கும் நேரத்தில் நடப்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்?

அப்படியானால் எதற்கு இந்த வாளி என்று அவரிடம் நீயாவது கேட்டாயா என்றேன்.

“கேக்காம இருப்பேனா? மகன் கார்ல வருவான்னாரு.”

இப்போது சொல்லுங்கள் அண்ணே, நான் என்ன நினைப்பது? தெருவுக்காக வைத்தீர்கள் என்றால், அதைச் சொல்லியிருந்தால் நானே இன்னொரு குழாய் கொடுத்திருப்பேனே. மகனுக்காக என்றால், அவனால் ஓட்ட முடியாத காரை எதிர்பார்த்தா தினமும் அந்தக் கனத்தை உருட்டினீர்கள்? இல்லை, ஓய்வு பெற்ற பிறகும் யாரையாவது இறக்கி ஏற்றி, ரைட் கொடுத்து அனுப்பாமல் உங்களால் இருக்க முடியவில்லையா? அந்த டயர் காற்றை எந்தக் கணக்கில் சேர்ப்பது? தராசில் இப்படி ஒரு கல், அப்படி ஒரு கல் வைத்துப் பார்க்கிறேன். முள் நிற்கவே மாட்டேன் என்கிறது.

காரைப் பொட்டலில் கொண்டுபோய் விட்டுவிட்டேன். வேறு என்ன செய்ய?

மத்தியானம் சாப்பிட வந்தபோது செல்வியின் ஆட்டோ தெருவுக்குள் நுழைந்தது. நான் போய் வாளியைச் சாய்த்து உருட்டினேன். இத்தனை கனத்தை அந்த வயதில் எப்படி உருட்டினீர்களோ, என் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவள் மெதுவாக இறங்கி உள்ளே போனாள். ஆட்டோக்காரர் எஞ்சினை அணைத்துவிட்டு, வண்டி இங்கேயே நிற்கட்டும், ஒரு டீ குடித்துவிட்டு வந்துவிடுகிறேன் என்றார்.

“இது ஸ்டாப்புப்பா. டிப்போ இல்ல.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. கையும் சும்மா இருக்கவில்லை. ஆட்டோவின் கூரையில் ரெண்டு தட்டு தட்டிவிட்டது.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இடம் யாருக்காம் என்று கேட்டார். குழாயில் கட்டியிருந்த என் துண்டைக் காட்டி, ஆள் இருக்கு என்றேன். முணுமுணுத்துக்கொண்டே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். எந்த ஆள் என்று கேட்காமல் போனாரே, அதுவரை புண்ணியம். கேட்டிருந்தால் நானும், பக்கத்து வீட்டு அண்ணன் மகன் கார்ல வருவான் என்றுதான் சொல்லியிருப்பேன்.