பேர் கூப்பிடும் வரை இறக்கக் கூடாது

ஐப்பசி 15, புதன்

விடிந்ததில் இருந்து தூறல். யூனிஃபார்ம் காயவில்லை. ஃபேனுக்கு அடியில் போட்டு, பாதி ஈரத்தோடு உடுத்திக்கொண்டு டூட்டிக்கு ஓட்டம். ஆஸ்பத்திரி ஓ.பி.யில் ஒரே காய்ச்சல் கூட்டம். பேர் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டிவிட்டது.

சாயங்காலம் தேன்பாறையில் இருந்து ராசு அண்ணன் போன். மலைக்கோயில் கமிட்டிக்காரர். வருகிற திங்கள் முதல்காய்ப்புத் திருவிழா. அங்கே நம் காட்டில் முதல் வாழைக்குலை தயார் என்று அவர் காதுக்கும் போயிருக்கிறது.

"சார் பேரு சொல்லுங்கம்மா, நோட்டுல ஏத்திக்கிறேன்."

"காடு என் பேருல இருக்குண்ணே. பேச்சியம்மாள்."

"சரிம்மா. சார் பேரு?"

நான் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த மனிதர், யாரோ பரிசு கொடுக்கக் கூப்பிட்ட மாதிரி, "முருகேசன்! விளாங்குடி முருகேசன்!" என்று போனுக்குள் கத்தினார். அண்ணன் வைத்துவிட்டார்.

திரும்ப அடித்தேன். எடுக்கவில்லை. நேரில் பார்த்துக்கொள்ளலாம். (இனிமேல் இங்கே இவர் மு. இந்த நோட்டில் மட்டும்தான் புருஷன் பேரை எழுதுகிறேன். வாயால் சொன்னால் அம்மா இன்னும் முறைப்பாள்.)

ஐப்பசி 17, வெள்ளி

மழை இல்லை. புழுக்கம்.

திங்கள் டூட்டியை மல்லிகா சிஸ்டரிடம் மாற்றியாயிற்று. பதிலுக்கு அவளுடைய இரண்டு ஞாயிறு டூட்டி என் தலையில். "எதுக்கு மேடம் இந்த வயசுல மலை ஏறிக்கிட்டு? குலையை ஜீப்புல போட்டு அனுப்ப வேண்டியதுதானே?" என்றாள். சொன்னால் புரியாது. சிரித்து வைத்தேன்.

மலைமேல் உள்ள முறை, மறக்காமல் இருக்க:
1. அந்த வருஷ முதல் விளைச்சலை நட்டவர்தான் சுமக்க வேண்டும். ஆள் வைக்கக் கூடாது.
2. காட்டில் இருந்து கோயில் வரை, வழியில் எங்கும் தரையில் இறக்கக் கூடாது.
3. கோயில் முன்னால் நோட்டைப் பார்த்து "இன்னார் காடு" என்று கூப்பிடுவார்கள். "வந்துட்டேன்" என்று சொல்லித்தான் அம்மன் முன்னால் இறக்க வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டு வராவிட்டால் அடுத்த ஆள்.

அவ்வளவுதான். பிரசாதம் ஒரு உருண்டை பொங்கல். பரிசு, மாலை எதுவும் கிடையாது.

எனக்கு அந்த மூன்றாவது வேண்டும். அப்பா ஆயுசெல்லாம் கதிர் அறுத்தார். அறுத்தது அம்புட்டும் அடுத்தவர் பேரில்தான் களத்துக்குப் போனது. எங்கள் வகையறாவில் முதன்முதலாக ஒரு ஏக்கர் நிலம், என் சம்பளத்தில், என் பேரில். ஊர் நடுவே யாராவது அதைச் சத்தமாகச் சொல்லி என் காதால் கேட்க வேண்டும். இது ஆசையா வீம்பா என்று தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் போகிறேன்.

எடுத்துவைக்க: ஸ்வெட்டர், பி.பி. மாத்திரை, அருவாள், சும்மாட்டுக்குப் பழைய துண்டு, மு.வுக்குக் குரங்குக் குல்லா, அட்டைக்கு உப்பு.

ஐப்பசி 18, சனி

ஆரப்பாளையத்தில் ஏறி, வத்தலகுண்டு பஸ்ஸில் நின்றுகொண்டே பாதி வழி. அங்கிருந்து மலை பஸ். ஏழாவது வளைவில் மு. வாந்தி. குல்லாவை அதற்குள் மாட்டியிருந்தார், பாவம்.

மேலே பனி. ஊர் முழுக்க வேப்பிலைத் தோரணம், காப்பிக்கடையில் ஸ்பீக்கர். பக்கத்துக் காட்டுச் செல்லக்கா எங்கள் கொட்டகையைக் கூட்டி, தண்ணீர் பிடித்து வைத்திருந்தது. நாங்கள் கீழே இருக்கும்போது காட்டைப் பார்த்துக்கொள்வது இந்த அக்காதான். என் போனில் "கருப்பையா காடு" என்று வரும் நம்பர். அந்தக் கருப்பையா, அதன் வீட்டுக்காரர், செத்து ஒன்பது வருஷம். நாங்கள் நிலம் வாங்கும்போதே ஆள் இல்லை. பத்திரத்தில் எல்லை சொன்ன இடத்தில் அந்தப் பேர்.

குலையைப் பார்த்தேன். பத்துச் சீப்பு. தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். அறுபது கன்று நட்டோம். பன்றி கிளறியது, முடிக்கொத்து நோய் தின்றது போக மிஞ்சியது நான்கு. அதில் முற்றியது இது ஒன்றுதான். இன்னொன்று பிஞ்சு. மற்ற இரண்டும் இன்னும் பூத் தள்ளவில்லை.

ராசு அண்ணனைக் கோயிலில் பிடித்தேன். தோளில் துண்டு, கக்கத்தில் நோட்டு.

"அண்ணே, என் பேரு ஏறியிருக்கா?"

"எல்லாம் ஏத்தியாச்சும்மா. உங்க காடு நாப்பத்தியொண்ணாவது."

நோட்டைக் காட்டச் சொல்லியிருக்க வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டேன். நானா கூச்சப்பட்டேன்!

ஐப்பசி 19, ஞாயிறு

எழுதவே கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மு. வீட்டில் காலண்டர் தாள் கிழிக்காமல் பல் துலக்கமாட்டார். மலைக்கும் மூன்று தாளைக் கிழித்துச் சட்டைப் பையில் கொண்டுவந்திருக்கிறார். "ஏ பேச்சி, நாளைக்கு ஏழரை ஒம்போது ராகுகாலம். அந்நேரத்துல போய் முத குலைய வெட்டுறதா? இன்னைக்கு எட்டு மணிக்குள்ள நல்ல நேரம், வெட்டி வச்சுருவோம்." எனக்கும் சரியென்றுதான் பட்டது. அவர் மரத்தைப் பிடிக்க நான்தான் வெட்டினேன். மஞ்சள் தடவி, காம்பில் துண்டைச் சுற்றி, கொட்டகையில் தொங்கவிட்டுப் படமும் எடுத்து மகனுக்கு அனுப்பியாயிற்று.

பத்து மணிக்குச் செல்லக்கா வந்தது. பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டது.

"என்ன தங்கச்சி வெட்டிட்டீக?"

"நல்ல நேரம் பாத்து..."

"திங்கக்கெழம கோயில் மணி அடிச்ச பெறகுதான் வெட்டணும். எட்டு மணிக்கு. நேத்து வெட்டுனதுன்னா அது கடைச் சரக்கு. அம்மனுக்கு ஆகாது."

"நாளைக்கு எட்டு மணி ராகுகாலம்க்கா."

"மலையில ஏது ராகுகாலம்? மணி அடிச்சா நேரம்."

மு. காலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதும் பரிகாரம் போட்டிருக்கிற மாதிரி. எனக்கு வந்த கோபத்துக்கு அவரை ஒன்றும் சொல்லவில்லை, ஏனென்றால் அருவாள் என் கையில் இருந்தது. வெட்டியவளும் நான்தான்.

யாருக்கும் தெரியாதே, இதையே தூக்கிக்கொண்டு போனால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். வெட்டுவாய் கறுத்துவிட்டது, பார்த்தாலே தெரியும். தெரியாவிட்டாலும் வேண்டாம்.

மு. பிஞ்சுக் குலையைக் காட்டினார். "நாளைக்கு இத வெட்டிருவோம். காய் சின்னதா இருந்தா என்ன?"

"இன்னும் மூணு மாசம் கெடக்கு. கொறைமாசத்துல எடுக்க என்ன எமர்ஜென்ஸி? எம் பேரக் கூப்பிடணும்னு பிஞ்ச வெட்டுவேனா?"

"அப்ப அடுத்த வருசம் பாப்போம்."

"நாளைக்கே."

சொல்லிவிட்டேன். எதை வைத்து என்று எனக்கே தெரியாது. மதியம் முழுக்கக் காட்டைச் சுற்றினேன். மிளகு நட்டது கொடியாகத்தான் இருக்கிறது. காப்பிச் செடி முழங்கால் உயரம். கீழ் வேலியில் போய் முட்டி நின்றபோதுதான் கண்ணில் பட்டது. சௌசௌ. கொடி வேலியையே மூடிக் கிடக்கிறது. உள்ளே கையை விட்டால் காய், காய்க்குப் பின்னால் காய்.

இரண்டு வருஷம் முன்னால் விளாங்குடிக் கடையில் வாங்கிய சௌசௌ ஒன்று அடுப்படிக் கூடைக்குள் முளைவிட்டுக் கிடந்தது. தூக்கிப் போட மனசில்லாமல் பையில் போட்டுக் கொண்டுவந்து வேலியோரம் நான்தான் புதைத்தேன். அதற்கப்புறம் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றவில்லை. கீழே போன காய் பஸ் ஏறி மேலே வந்து இந்தப் பாடு படுத்தியிருக்கிறது.

செல்லக்காவிடம் ஓடினேன். "இது ஆகுமாக்கா?"

"நீ நட்டதா?"

"நான்தான்."

"காட்டுல வெளைஞ்சதுல என்ன ஒசத்தி தாழ்த்தி? ஒரு கூடை பறி. ஆனா கூடை கனக்கும் தங்கச்சி. குலையாவது தோள் மாத்தலாம்."

கனக்கட்டும்.

ஐப்பசி 20, திங்கள்

கொட்டகைக்குத் திரும்பி எழுதுகிறேன். மணி ஒன்று. கழுத்து திரும்பவில்லை. எழுத்து கோணல்.

எட்டுக்கு மணி அடித்தது. எட்டரைக்குள் நாற்பது காய். சும்மாடு கூட்டி, மு.வும் செல்லக்காவும் தூக்கிவிட்டார்கள். பாதை முழுக்கச் சேறு. செல்லக்கா முன்னால், தலையில் அவரைக்காய் மூட்டை. நான் நடுவே. மு. பின்னால் குடையோடு, கூடைக்குப் பிடிக்கிறாரா எனக்குப் பிடிக்கிறாரா என்று தெரியாமல். இரண்டு தடவை வழுக்கியது. விழவில்லை.

கோயில் முன்னால் ஊரே நிற்கிறது. தலையில் பீன்ஸ், தோளில் குலை, இடுப்பில் காப்பிப்பழக் கூடை, ஒருவர் கையில் நாலே நாலு ஆரஞ்சு. மேளம் நின்றதும் ராசு அண்ணன் நோட்டைப் பிரித்தார்.

பதினெட்டாவது, "கருப்பையா காடு!" செல்லக்கா "வந்துட்டேன்" என்று சொல்லி இறக்கிவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றது.

நாற்பது முடிந்தது. கூடையை ஒரு தடவை நேராக்கிக்கொண்டேன்.

"விளாங்குடி முருகேசன் காடு!"

மு. என் முதுகில் கை வைத்தார். "போ, போ. நம்மதான்."

"எம் பேரு இல்ல."

"ஏ, நம்ம காடுதான் பேச்சி..."

"முருகேசன் காடு!" இரண்டாவது.

எல்லோரும் திரும்பிப் பார்க்கிறார்கள். நாலு எட்டு வைத்தால் இறக்கிவிடலாம். கழுத்து போ போ என்கிறது. கால் நகரவில்லை, நகர விடவில்லை. மூன்றாவது தடவையும் கூப்பிட்டார். வாயை இறுக்க மூடிக்கொண்டேன். அடுத்த பேருக்குப் போய்விட்டார்.

அப்போது அழுகை வந்தது. தலையில் கூடை, துடைக்கக் கை இல்லை. மழையும் வந்ததால் தெரியவில்லை.

"கிறுக்கச்சி," என்றது செல்லக்கா. கொஞ்ச நேரம் கழித்து, "எறக்கி மட்டும் வச்சுராத," என்றது.

இன்னும் முப்பது பேருக்கு மேல். எண்ணினேன், விட்டுவிட்டேன். மு. கூடையைத் தாங்கக் கையை நீட்டினார். "தொடாதீங்க" என்றேன். அவர் குடையை மடக்கிச் செல்லக்காவிடம் கொடுத்துவிட்டு முன்னால் போனார். இந்த மனிதர் கூட்டத்தில் வாய் திறந்து நான் பார்த்ததில்லை.

"அண்ணே, தப்பு எம்மேலதான். போன்ல நான்தான் பேரச் சொன்னேன். அந்தக் காடு எம்பேருல இல்ல. நட்டதும் நான் இல்ல."

"அதுக்கென்னப்பா? புருசன் பேரு சொன்னா பொண்டாட்டி வந்து எறக்குறது ஊர்ல இல்லாத வழக்கமா?"

எனக்குப் பொறுக்கவில்லை. அங்கிருந்தே சத்தம் போட்டேன். "அண்ணே! இருபத்தாறு வருசமா நானும் ஆசுபத்திரியில பேரு கூப்புடுறவதான். ஒருத்தர் பேரச் சொல்லி இன்னொருத்தருக்கு ஊசி போட்டா விடுவீகளா?"

கூட்டம் சிரித்தது. ராசு அண்ணனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். சட்டைப் பையில் பேனா தேடினார். இல்லை. யாரோ கொடுத்தார்கள். பழைய பேரை அடித்தார், எழுதினார். நோட்டு நனையாமல் இருக்க மு. குனிந்து மறைத்துக்கொண்டார்.

"தேன்பாறை பேச்சியம்மா காடு!"

விளாங்குடி என்று சொல்லவில்லை. தேன்பாறை என்றார்.

"வந்துட்டேன்" என்றேன். மழைச் சத்தத்தில் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். இறக்கியதும் கழுத்து தானாக மேலே எழும்பியது.

பொங்கல் வாங்கித் திரும்பினால், செல்லக்கா ராசு அண்ணன் முன்னால் நிற்கிறது. இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு.

"பேனாவ மூடிராதண்ணே. பதினெட்டாவதுலயும் மாத்திரு. அவரு செத்து ஒம்போது வருசமாச்சு. வருசா வருசம் நான்தான சொமக்குறேன்?"

ஐப்பசி 21, செவ்வாய்

விளாங்குடி. வெயில். கழுத்தில் பெல்ட் போட்டுக்கொண்டு மதிய டூட்டிக்குப் போக வேண்டும். மல்லிகா சிரிக்கப்போகிறாள்.

வெட்டிய குலையைப் பிரித்தாயிற்று. வார்டுக்கு நான்கு சீப்பு, தெருவுக்கு மூன்று, மு. வேலை பார்க்கும் கடைக்கு ஒன்று, வீட்டுக்கு இரண்டு. இன்னும் பழுக்கவில்லை. மு. இன்றைய தாளைக் கிழித்தார், நல்ல நேரம் படிக்கவில்லை. அல்லது எனக்குக் கேட்காமல் படித்தார்.

பத்து மணிக்குப் போன். திரையில் "கருப்பையா காடு". எடுக்காமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். மணி அடித்து ஓய்ந்துவிட்டது. மூன்று வருஷமாக நானும் இப்படித்தான் கூப்பிட்டிருக்கிறேன். நேற்று அங்கே நின்று அம்புட்டுச் சத்தம் போட்டவள்.

திருப்பி அடித்தேன்.

"அக்கா, ஒங்க முழுப் பேரு என்ன?"

"எதுக்குத் தங்கச்சி?"

"சொல்லுங்க."

"செல்லத்தாயி."

போனில் பேரை மாற்றி எழுதினேன். செல்லத்தாயி காடு.