கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த காயல்

பிரியமுள்ள ஸ்டெல்லா மைனி,

கோபம் கொஞ்சம் தணிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தேன். மழைக்காலம் போய்விட்டது, தணியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன். நீங்கள் இருந்திருந்தால், "கோவத்துல எழுதினாத்தான் பிள்ளே கொஞ்சமாவது உண்ம வரும்" என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

உங்களைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன். நீங்கள் என் அண்ணன் வில்சனின் மனைவி. பிறவியிலேயே கண் தெரியாதவர். பாறசாலையிலிருந்து கல்யாணமாகி வந்து, தம்பானூர் லாட்ஜில் மேனேஜராக இருந்த அண்ணனோடு திருவனந்தபுரத்தில் குடித்தனம் நடத்தியவர். சங்கீதத்தில் பட்டம் வாங்கியவர். பாட்டை விட வாதம் அதிகம் என்று வீட்டில் எல்லோரும் சொல்வோம்.

ஆக்குளம் காயலுக்கு நாம் போன அந்த மாலை நினைவிருக்கிறதா? எனக்குக் கழக்கூட்டத்தில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த புதிது. கரையில் நின்ற எல்லோரும் என்ன அழகு, என்ன அழகு என்றார்கள். நீங்கள் மட்டும், "எல்லாருக்கும் இதுல என்னமோ இருக்கு. எனக்கு என்ன பிள்ளே இருக்கு?" என்று கேட்டீர்கள். பஸ் வருவதற்குள் பதிலையும் நீங்களே சொல்லிவிட்டீர்கள். காயலை மரத்தில் செதுக்க வேண்டும். தண்ணீர் வழவழப்பாக, பாயல் என்கிற நீர்ப்பாசி படர்ந்த இடம் சொரசொரப்பாக. எந்த இடத்தில் விரலை அழுத்துகிறோமோ அந்த இடத்தின் சத்தம் கேட்க வேண்டும். கண் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் ஒரே பலகையில் கை வைத்து, இந்தத் தண்ணீருக்கு என்ன ஆகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

கலையும் அறிவியலும் சேர்ந்த ஆராய்ச்சிக்கு உதவுவதாகச் சொன்ன ஒரு நிலையத்துக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவர் நீங்கள்தான். காயல்களை ஆராய்ந்தவரான அதன் டைரக்டரிடம் வாதாடி ஒப்புதல் வாங்கியதும் நீங்கள்தான். சிற்பி பிஜு பலாமரத்தில் செதுக்கினார். நான் சுவிட்சுகளும் ஸ்பீக்கரும் பொருத்தினேன். எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எந்தச் சத்தம் என்று முடிவு செய்தது நீங்கள். பிஜு செதுக்கியதைத் தடவிப் பார்த்து, "இது தண்ணி இல்ல, தரை. திரும்பச் செய்யணும்" என்று எத்தனை தடவை அவரை நொந்துபோக வைத்தீர்கள்.

சத்தம் பதிவு செய்யப் படகு கேட்டோம். நிலையத்தின் படகு சும்மாதான் கட்டிக் கிடந்தது. "கண்ணு தெரியாத ஒராள படகில ஏத்தி, ஏதாவது ஆபத்து பற்றினா ஆரு சமாதானம் சொல்லும்?" என்றார் டைரக்டர். கண் தெரியாதவர்களுக்காகச் செய்யும் வேலை என்று எல்லோரிடமும் பெருமையடித்தவர் பேசிய பேச்சு இது.

அதனால் நாம் கரையிலிருந்தே பதிவு செய்தோம். நகரத்து அழுக்கையெல்லாம் சுமந்து தோடு என்கிற அந்த ஓடை வந்து காயலில் விழுகிற மூலையில், மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றீர்கள். மற்ற இடங்களில் தவளைகள் காது அடைக்கக் கத்தின. அந்த மூலையில் ஒன்றுகூட இல்லை. பம்பு மோட்டாரின் இரைச்சலும், குழாயிலிருந்து கொட்டுகிற கழிவுத் தண்ணீரும் மட்டும்தான். டைரக்டர் அதைக் கேட்டு முகம் சுளித்தார். "இது கேக்கான் ஒரு சுகமில்லல்லோ. வேற எடத்துத் தவள சத்தம் போட்டா என்ன?"

"அங்க தவள இல்ல சார். இல்லாதத எப்படிக் கேப்பிக்கது?" என்றீர்கள். அவர் எழுந்து போய்விட்டார். ஒத்துக்கொண்டார் என்று நாம் நினைத்தோம்.

உங்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு மைனி. காலில் கிளிஞ்சல் கீறிய காயத்தோடு அந்தத் தண்ணீரில் ஏன் இறங்கினீர்கள்? வேண்டாம் என்று நான் சொன்னபோது, "சாரமில்ல பிள்ளே, சின்னக் கீறல்தான்" என்றீர்கள். பிறகு காய்ச்சல் வந்தது. மழைக்காலக் காய்ச்சல் என்று கஷாயம் குடித்துப் படுத்தீர்கள். எலிக்காய்ச்சல் என்று தெரிந்தபோது கண்ணெல்லாம் மஞ்சளாகி, சிறுநீரகம் நின்றுவிட்டது. எந்தத் தண்ணீர் செத்துக்கொண்டிருக்கிறது என்று ஊருக்குச் சொல்லப் போனீர்களோ, அதே தண்ணீர் உங்களைக் கொண்டுபோய்விட்டது. படகு கொடுத்திருந்தால் நீங்கள் இன்று இருந்திருப்பீர்களா? யாரிடம் போய்க் கேட்பேன்?

திறப்பு விழாவைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

மாடி ஹாலில் வைத்தார்கள். பலகை மேல் கண்ணாடிப் பெட்டி போட்டு மூடியிருந்தார்கள். 'தொடாதீர்கள்' என்று ஒரு அட்டை வேறு. பார்வையற்ற பிள்ளைகளின் ஹாஸ்டலிலிருந்து சில பெண்களைக் கூட்டி வந்து, கையில் பூவைக் கொடுத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். டைரக்டர் தம் பேச்சில் உங்கள் பெயரை ஒரே ஒரு தடவை சொன்னார். 'இத்திட்டத்தின் பயனாளிகளில் ஒருவரான காலஞ்சென்ற ஸ்டெல்லா' என்றார். பயனாளியாம்.

சீஃப் கெஸ்ட் பெட்டிக்கு வெளியே இருந்த பட்டனை அழுத்தினார். காயலின் சத்தங்கள் ஒவ்வொன்றாகக் கேட்டன. தோட்டு மூலைக்கு வந்தபோது தவளைகள் கத்தின. எல்லோரும் கை தட்டினார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. நேரே டைரக்டரிடம் போனேன்.

"அந்த மூலையில கத்துதது எங்க உள்ள தவள சார்?"

"ஜெஸ்ஸி, ப்ளீஸ். கெஸ்ட் இருக்காரு. பின்ன பேசலாம்."

"இப்பச் சொல்லுங்க."

அவர் சிரித்த முகம் மாறாமல் குனிந்து, "பொன்முடி மலையில ரெக்கார்ட் பண்ணினதாக்கும். காதுக்கு ஒரு குளிர்ம வேண்டே?" என்றார்.

நான் கத்தப் போனேன். அதற்குள் அண்ணன் எழுந்து வந்தான். நாலு பேர் கூடிய இடத்தில் வாய் திறக்காத உங்கள் புருஷன்தான். பெட்டியின் பக்கத்தில் நின்ற காவலாளியிடம், "இதத் தொறங்க" என்றான்.

"தாக்கோல் இல்ல சேட்டா." சாவி இல்லையாம்.

"எம் பெண்டாட்டி தடவித் தடவி உண்டாக்கின பலக இது. இதுக்கு எதுக்குப் பூட்டு?"

கண்ணாடியின் ஒரு முனையை அவனே பிடித்தான். பின்வரிசையிலிருந்து பிஜு வந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் இழுத்த இழுப்பில் பூட்டு பிய்ந்துகொண்டு வந்தது. பெட்டியைத் தூக்கித் தரையில் வைத்தார்கள். யாரும் தடுக்கவில்லை. பிஜு அந்தப் பெண்களைப் பார்த்து, "வா மோளே, தொட்டு நோக்கு" என்றார். அவர்கள் பூவை நாற்காலியில் போட்டுவிட்டு வந்தார்கள். டைரக்டர் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டார். பலகை ஊமையாகிவிட்டது. ஆனாலும் அந்தக் கைகள் நிற்கவில்லை. ஒரு பெண் தோட்டு மூலையில் விரலை வைத்துக்கொண்டு, "இவிடெ எந்தா சேட்டா கேள்க்குந்நது?" என்று கேட்டாள்.

"மோட்டரு இரைச்சலு மோளே. வேற ஒண்ணும் இல்ல. அங்க உள்ள தவள எல்லாம் செத்துப் போச்சு" என்றான் அண்ணன்.

காயலில் எந்த இடத்தில் என்ன சத்தம் என்று அவனுக்கு அத்தனையும் தெரிந்திருந்தது மைனி. ஒவ்வொரு சாயங்காலமும் நீங்கள் சொல்வீர்களாம். அவன் கேட்டுக்கொண்டே சோறு போடுவானாம். எனக்கு அது அன்றுதான் தெரிந்தது.

மறுநாள் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். தவளையை எடுங்கள், மைனியின் பெயரை ஆராய்ச்சியாளர் என்று போடுங்கள் என்றேன். "ஸ்டெல்லா நல்ல பெண்ணு, அத நானும் சம்மதிக்கேன். பட்சே ரிசர்ச்சர்னு எழுதணும்னா ஒரு தகுதி வேண்டே?" என்றார். நான் எழுந்து வந்துவிட்டேன். கண்ணாடி திரும்பவும் ஏறிவிட்டது. பொன்முடித் தவளைகள் இன்னும் அங்கே கத்திக்கொண்டிருக்கின்றன. நாம் ஜெயிக்கவில்லை. உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் நீங்கள் பதிவு செய்த சத்தங்கள் முழுவதும் என்னிடம் இருக்கின்றன. பிஜு தம் வீட்டுக் கொட்டகையில் இன்னொரு காயல் செதுக்குகிறார். ஹாஸ்டல் பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து தடவிப் பார்த்து, அவரை உங்களைவிட மோசமாகத் திட்டுகிறார்கள். வேலை முடிந்ததும் அது அவர்கள் சாப்பிடுகிற ஹாலில், கைக்கு எட்டுகிற உயரத்தில் இருக்கும்.

டைரக்டரை மன்னித்துவிடு, மனசு லேசாகும் என்று நம் சர்ச் சபையில் எல்லோரும் சொல்கிறார்கள். மனசு லேசாகி எனக்கு என்ன ஆக வேண்டும்? அந்தத் தோட்டைப் பற்றிப் பேச நகரசபை அடுத்த மாதம் ஒரு கூட்டம் வைத்திருக்கிறது. அண்ணனும் நானும் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போகிறோம். குழாயிலிருந்து கொட்டுகிற அந்தச் சத்தத்தை அவர்கள் நடுவில் போடுவேன். போதும், நிறுத்து என்பார்கள். நிறுத்த மாட்டேன் மைனி. யார் பதிவு செய்தது என்று அவர்களில் ஒருவராவது கேட்கும்வரை நிறுத்த மாட்டேன். கேட்டால், முதலில் உங்கள் பெயரைச் சொல்லுவேன், பிறகு நீங்கள் எப்படிச் செத்தீர்கள் என்று சொல்லுவேன்.

இன்னும் கோபம் ஆறாத,
உங்கள் நாத்தூன்
ஜெஸ்ஸி