இறங்காத வீடியோ

11 நவம்பர் 2024, திங்கள்

போன் மறுபடியும் இடம் இல்லை என்கிறது. ஒருத்தி மட்டும் இருக்கும் வீட்டில் இடத்துக்கு என்ன பஞ்சம், போனுக்குள்தான் நெரிசல். எல்லாம் எங்கள் கோயில் அன்பியம், அதாவது தெரு ஜெபக்கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவின் உபயம். காலை வணக்கம், ரோஜாப்பூ, மெழுகுவர்த்தி, புனித அந்தோணியார், மறுபடியும் ரோஜாப்பூ. போன வருடமே பூந்தமல்லி ஜம்புலிங்கம் கடையில் கொடுத்து, எதுவும் தானாக இறங்காதபடி நிறுத்தச் சொல்லிவிட்டேன். இப்போது நான் தொட்டால்தான் படமோ வீடியோவோ இறங்கும். ஆனால் அதற்கு முன்பு குடியேறியவர்கள் காலி செய்ய வேண்டாமா?

அழித்துக்கொண்டே போனபோது கீழே ஒதுக்கி வைத்திருந்த பானுப்பிரியாவின் பெயர் வந்தது. மே மாதம் 26, அவள் வீடு காலி செய்த நாள். ஒரு வீடியோ. மங்கலாக ஏதோ மஞ்சள், நடுவில் கீழ்நோக்கி ஒரு அம்பு, 38 எம்.பி. அன்றைக்குத் திறந்து பார்த்து, இந்த அம்பைத் தொடாமல் மூடியது ஞாபகம் இருக்கிறது.

இன்று விரல் தானாகப் போய் அமுக்கியது. வட்டம் சுற்றியது, நின்றது. 'டவுன்லோட் ஆகவில்லை.' சரி, போகட்டும். எனக்கென்ன.

12 நவம்பர்

எனக்கென்ன என்று நேற்று எழுதினேன். இன்று கம்பெனி பஸ்ஸில் ஏறி அம்பத்தூர் எஸ்டேட் போய்ச் சேர்வதற்குள் நாலைந்து முறை அமுக்கிப் பார்த்துவிட்டேன்.

14 நவம்பர், வியாழன்

எதற்காக இந்த வீம்பு? இத்தனை மாதம் கிடந்தது, ஒரு நாளும் பார்க்கத் தோன்றவில்லை. கிடைக்காது என்றதும் வேண்டும் என்கிறது மனசு.

கோபம் எதற்கு என்பதை எழுதி வைக்கிறேன். எழுதினால் சின்னதாகத் தெரியுமோ என்று ஒரு ஆசை. பானு எதிர் போர்ஷன். நடுவில் நாலடி வராந்தா. வருடக்கணக்கில் அவள் வீட்டுக் குழம்பு என் கிண்ணத்திலும் என் வீட்டு ரசம் அவள் கிண்ணத்திலும் இருந்தது. அவள் வீட்டுக்காரர் வீராசாமிக்கு ஓசூர் பிளாண்டுக்கு மாற்றலானது மார்ச்சிலேயே தெரியும். என்னிடம் சொல்லவில்லை. ஒரு நாள் வேலை விட்டு வருகிறேன், கேட்டில் 'வீடு வாடகைக்கு' என்று போர்டு தொங்குகிறது. அதைப் பார்த்து நான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அம்மா போன பிறகு எனக்கென்று இருந்த ஒரே ஆள், போர்டு வழியாகச் சொல்லி அனுப்புகிறாள்.

"சொன்னா நீ அழுவ, நானும் அழுவேன், அதான்க்கா" என்றாள். நான் பேசுவதை நிறுத்தினேன். கடைசி நாள் நாலடி தாண்டி வராமல் வீடியோ அனுப்பினாள். பாட்டுப் போட்டு, பூப் போட்டு, பிரிவு உபசார வீடியோவாக இருக்கும். எவளுக்கு வேணும் அது? வேன் கிளம்புவதைப் பார்க்கப் பிடிக்காமல் பூந்தமல்லி கோயிலுக்குப் பூசைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது எதிர்க் கதவில் பூட்டு.

எழுதிப் பார்த்தும் சின்னதாகத் தெரியவில்லை.

17 நவம்பர், ஞாயிறு

இடம் இல்லாததால்தான் இறங்கவில்லை என்று முடிவு செய்து, பூசை முடிந்து வந்து உட்கார்ந்து அழித்தேன். அந்தோணியாரை அழிக்கும்போது மட்டும் கை கூசியது. கோபித்துக்கொள்ள மாட்டார், தொலைந்ததைத் தேடித்தருபவர்தானே, என் நிலைமை அவருக்குத் தெரியும்.

போனில் பாதி காலியாகிவிட்டது. அம்பை அமுக்கினேன். வட்டம் சுற்றியது, நின்றது.

20 நவம்பர்

தம்பி பெனிட்டோ மஸ்கட்டிலிருந்து பேசினான். போனை அணைத்துப் போடு, வைஃபையை நிறுத்திவிட்டு டேட்டாவில் பார், ஏரோபிளேன் குறியை அமுக்கி எடு என்றான். எல்லாம் செய்தேன்.

"என்ன ஃபைல்க்கா அது, அவ்ளோ முக்கியமா?"

"ஆபீஸ் வேலை" என்றேன். ஆபீஸாம். பிளாஸ்டிக் மூடியில் பிசிறு இருக்கிறதா என்று பார்க்கிற வேலைக்கு எவன் வீடியோ அனுப்புகிறான். அவனும் நம்பினான், அல்லது நம்பினதுபோல் விட்டுவிட்டான்.

23 நவம்பர், சனி

அரை நாள் வேலை. பூந்தமல்லி போய் ஜம்புலிங்கத்திடம் போனைக் கொடுத்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில், மெட்ரோ தூணுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது கடை. அவர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, போனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இன்னாக்கா, டைமு பத்து நிமிசம் பாஸ்ட்டா வச்சிகினு கீற?"

கம்பெனி பஸ்ஸைத் தவறவிடாமல் இருக்க எங்கள் லைனில் எல்லாரும் அப்படித்தான் வைத்திருக்கிறோம் என்றேன்.

"அதான் மேட்டரு. டைமு தப்பா இருந்தா சர்வரு ஒத்துக்காது. நீ ஒரு டைம்ல கீற, அது ஒரு டைம்ல கீது, எப்டி எறங்கும்?"

நேரத்தைச் சரி செய்தார். நம்பிக்கையோடு அமுக்கினோம். இறங்கவில்லை. "அப்ப ஆப்பையே தூக்கிட்டுப் புதுசா போட்ருவமா? பழைய மெசேஜெல்லாம் போனாலும் போயிரும்" என்றார். போனைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டேன். பானுவோடு நான் பேசிய பேச்சு எல்லாம் அதில்தான் இருக்கிறது. அரிசி ஊறப் போட்டியா, கரண்ட் உங்க பக்கம் இருக்கா, மாடியில் துணி கெடக்கு, மழை வருது. வேறு ஒன்றும் இல்லை. ஆனால் அது போகக்கூடாது.

25 நவம்பர், திங்கள்

நேரத்தைத் திருத்தியதில் கம்பெனி பஸ் போய்விட்டது. ஆட்டோவில் போனேன். சூப்பர்வைசரிடம் பாட்டு வாங்கினேன். ஜம்புலிங்கத்துக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

30 நவம்பர், சனி

காலையிலிருந்து மழை. கரண்ட் இல்லை. அயனம்பாக்கம் ஏரி நிரம்பிவிட்டதாகக் கீழே யாரோ பேசிக்கொண்டு போனார்கள். எதிர் போர்ஷனில் இப்போது ஷிப்ட் வேலைக்குப் போகும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் செருப்புகளைத்தான் எனக்குத் தெரியும், முகங்களைத் தெரியாது.

இப்படி மழை பெய்தால் பானு கதவைத் தட்டமாட்டாள், காலால் உதைப்பாள். இரண்டு கையிலும் டீ இருக்கும். அவள் இங்கே குடிவந்த நாளிலும் மழைதான். அவள் வீட்டுப் பக்கம் யாரும் வரவில்லை. என்ன சத்தம் என்று எட்டிப் பார்த்த என்னைக் கையைப் பிடித்து இழுத்து, "நீ வந்து பால் காச்சுக்கா" என்றாள். முன்பின் தெரியாதவள். நான் வேதக்காரி, எனக்கு உங்க முறையெல்லாம் தெரியாது என்றேன். "ஏசுவ கும்புட்றவங்க காச்சினா பால் பொங்காதா?" என்றாள். பொங்கியது. அடுப்பெல்லாம் ஊற்றிவிட்டது.

எனக்குத் தனியாக இருக்கிறது. இதை எங்கேயும் சொன்னதில்லை, எழுதினதும் இல்லை. எழுதிவிட்டேன்.

4 டிசம்பர்

போனே கடைசியில் வாயைத் திறந்தது. இன்று அமுக்கியபோது வட்டம்கூடச் சுற்றவில்லை. 'இந்த வீடியோ இப்போது கிடைக்காது. திரும்ப அனுப்பச் சொல்லி அனுப்பியவரிடம் கேளுங்கள்.' வேலை விட்டு வரும் வழியில் ஜம்புலிங்கத்திடம் காட்டினேன்.

"ரொம்ப நாளு தொடாம போட்டுட்டா சர்வருலேந்து தூக்கிடுவான்க்கா. எறங்கவே இல்லன்னா அவன் இன்னா, ஒனக்காகக் காத்துகினு இருப்பானா? அனுப்புன ஆளையே கேளு, முடிஞ்சது."

இவர் இதை முதல் நாளே சொல்லியிருந்தால் நான் பஸ்ஸையாவது பிடித்திருப்பேன். ஆனால் முதல் நாளே சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருப்பேனா? இத்தனை நாள் இந்தப் போனை உருட்டியதெல்லாம் அவளைக் கேட்காமல் இருக்கத்தானே.

8 டிசம்பர், ஞாயிறு

"நல்லாருக்கியா" என்று எழுதினேன், அழித்தேன். "ஒரு சின்ன உதவி" என்று எழுதினேன். அந்நியர்களுக்கு எழுதுவதுபோல் இருந்தது. அழித்தேன். கேட்டால் என்ன நினைப்பாள்? நான்தான் இறங்கி வந்தேன் என்றா? நினைக்கட்டுமே. யார் பார்க்கிறார்கள், இந்த வீட்டில்?

9 டிசம்பர்

அனுப்பிவிட்டேன். "பானு, நீ வீடு காலி பண்ண அன்னிக்கு அனுப்பின வீடியோ டவுன்லோட் ஆகல. திரும்ப அனுப்புவியா."

10 டிசம்பர்

நீலம் வந்துவிட்டது. பதில் இல்லை.

13 டிசம்பர்

இல்லை.

15 டிசம்பர், ஞாயிறு

பூசையில் சாமியார் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. போன் கைப்பைக்குள் அதிர்ந்ததுபோல் இருந்தது. எடுத்துப் பார்த்தால் அன்பியம் குழு, மெழுகுவர்த்தி.

அவ்வளவுதான் போல. நான் அவளை அத்தனை மாதம் விட்டேன், அவள் என்னை ஒரு வாரம் விடுகிறாள். கணக்கில் அவள் இன்னும் நல்லவள்தான்.

18 டிசம்பர், புதன்

பானு பேசினாள்.

வேலை விட்டு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை, போன் அடித்தது. திரையில் அவள் பெயர். எடுத்தேன்.

"இன்னாக்கா, இத்தினி மாசம் கழிச்சி வீடியோ கேக்கற. கிண்டலா?"

"இல்ல பானு. இறங்கல. நான் அத பார்க்கவே இல்ல."

"பாக்கலயா? ரெண்டு டிக்கும் நீலமா வந்திச்சே. நான் போனையே பாத்துகினு இருந்தேன். நீலம் வந்திச்சி, பாத்துட்டான்னு நெனச்சேன்."

"பேர தொறந்தாலே நீலம் வந்துடும். என் போன்ல எதுவும் தானா இறங்காது. நான்தான் நிறுத்தி வச்சேன்."

"என் போன்ல எல்லாம் தானா எறங்கிடும். எனக்கு இன்னா தெரியும்."

அதில் என்ன சொன்னாய் என்று கேட்டேன். போன் மாற்றிவிட்டதாகவும் அந்த வீடியோ அவளிடமும் இல்லை என்றும் சொன்னாள். பிறகு சொன்னாள். குரல் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

"காலி ஊட்ட சுத்திக் காட்டிகினே பேசினேன். வேன்ல முன்சீட்டு ஒனக்கு வச்சிகினு கீறேன், புது ஊட்லயும் நீதான் பால் காச்சணும், ரெண்டு நாள் இருந்துட்டு வா. எப்டியும் பூசைக்கு வருவ இல்ல, பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டாண்ட வேன நிறுத்திகினு நிப்போம், முடிச்சிகினு நேரா வந்துருன்னேன்."

"நேர்ல கூப்பிட வேண்டியதுதானே."

"அந்த வாரம் பூரா தட்னேனே. நீ தொறந்தியா?"

திறக்கவில்லை.

"எவ்ளோ நேரம் நின்னீங்க?"

"டிரைவரு கத்தற வரைக்கும். கோயில் வாசலாண்ட நீ நடந்து போறத எங்க ஊட்டுக்காரரு பாத்தாரு. 'அதோ போறாங்க, கூப்புடு'ன்னாரு. பாத்தும் வராதவங்கள இன்னாத்துக்குக் கூப்புட்றதுன்னு நான்தான் வேணாம்னேன்."

பால் என்ன ஆச்சு என்றேன். "நானே காச்சினேன். பொங்கல. தீஞ்சி போச்சி" என்றாள். அவள் பக்கம் குக்கர் கூவியது. "சரிக்கா, வச்சிட்றேன்." வா என்று அவள் சொல்லவில்லை. வருகிறேன் என்று நானும் சொல்லவில்லை.

செருப்போடு உட்கார்ந்திருக்கிறேன். ஐயோ பானு. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பாவி, ஒரு சத்தம் குடுத்திருக்கக் கூடாதா? ஓடியாந்திருப்பேனே. வந்திருப்பேனா? வந்திருப்பேன்.

21 டிசம்பர்

போனில் அந்த அமைப்பை நானே தேடிப்பிடித்து மாற்றினேன். இனி எல்லாம் தானாக இறங்கும். மாற்றிய வேகத்தில் ரோஜாப்பூக்கள் வரிசையில் வந்துவிட்டன. வரட்டும்.

25 டிசம்பர்

கிறிஸ்துமஸ். பிரியாணி செய்தேன், பழக்கத்தில் ஒரு கிண்ணத்தில் தனியாக எடுத்து வைத்துவிட்டேன். எதிர்க் கதவைத் தட்டி அந்த நாலு பேருக்குக் கொடுத்தேன். "தேங்க்ஸ்ங்க" என்றான் ஒருவன். கிண்ணம் இன்னும் திரும்பி வரவில்லை.

பானுவிடமிருந்து ஒரு ஸ்டார் படம் வந்தது. கீழே ஒரு எழுத்தும் இல்லை. நானும் ஒரு ஸ்டார் அனுப்பினேன். ஸ்டாருக்கு ஸ்டார். எத்தனை நாளைக்கு இப்படி?

5 ஜனவரி 2025, ஞாயிறு

பூசை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ரோட்டைக் கடந்தேன். பஸ் ஸ்டாண்டுக்கு முன்னால், டீக்கடையை ஒட்டி, வேன்கள் நிற்கிற இடம் அது ஒன்றுதான். அங்கே போய் நின்றேன். எதிரில் மெட்ரோ தூண். அங்கிருந்து பார்த்தால் கோயில் வாசல் நன்றாகத் தெரிகிறது. வெளியே வருகிற ஒவ்வொருவர் முகமும் தெரிகிறது.

வாழ்க்கையில் முதன்முறையாக வீடியோ எடுத்தேன். போனைத் தூக்கிப் பிடித்ததும் டீக்கடைக்காரர் சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டார். என்ன பேசினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. "பானு, பூசை முடிஞ்சுது. நீ சொன்ன எடத்துக்கு வந்துட்டேன். வேனைத்தான் காணோம்" என்றேன். பிறகு தூணையும் பஸ்களையும் கொஞ்ச நேரம் காட்டிவிட்டு நிறுத்தினேன். அனுப்பினேன்.

ஒரு டிக். இரண்டு டிக். டீ வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். நீலம். குடிக்காத டீ ஆறிப்போனது.

பிறகு பதில் வந்தது.

"டவுன்லோடு ஆவலக்கா. பொங்கலுக்கு நேர்ல வந்து காட்டு."

அவள் போனில் எல்லாம் தானாக இறங்கிவிடும்.

ஓசூர் பஸ் எங்கே நிற்கும் என்று டீக்கடைக்காரரிடம் கேட்டேன். பைபாஸுக்குப் போகணும் என்றார்.