பழையதைத் தொடவில்லை

இன்று காலை ஏழாயிரம்பண்ணை பட்டாசுக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. அங்கே ஆபீஸைப் பார்த்துக்கொள்ளும் பெண்மணி கேட் வரைக்கும் நடந்துவந்து, வாட்ச்மேனிடம் கொடுத்து வைத்த போனை வாங்கிப் பேசினார். உள்ளே போன் கொண்டுபோக விடமாட்டார்கள். அங்கிருந்து அழைப்பு வந்தாலே பில் நின்றுவிட்டது என்றுதான் நினைப்பேன், உனக்குத் தெரியும். தீபாவளி சீசன் வேறு.

"சார், நீங்க குடுத்த பென்டிரைவுல இருந்து புது சாப்ட்வேர் ஏறலை. 'இது விண்டோஸ் 7. இதற்கு விண்டோஸ் 10 வேண்டும். பழையதைத் தொடவில்லை, அதிலேயே வேலை பாருங்கள்'னு வந்துச்சு. பழசுலயே பில் போட்டு லோடை அனுப்பிட்டேன். நீங்க மெதுவா வாங்க."

போனை வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தேன். அந்த வாக்கியம் நீ எழுதியது. விண்டோஸ் எண்களை மட்டும் நான் மாற்றியிருந்தேன்.

எம். புதுப்பட்டி பட்டாசுக் கம்பெனியை மறந்திருக்க மாட்டாய். நாம் இரண்டு பேரும் சேர்ந்து பில் சாப்ட்வேர் தொழில் தொடங்கிய முதல் சீசன். நம் இன்ஸ்டாலர் எதையும் பார்க்காமல் பழைய பதிப்பை அழித்துவிட்டுப் புதியதை ஏற்றியது. அங்கிருந்த பழைய விண்டோஸில் புதியது திறக்கவே இல்லை. பில் இல்லாமல் லாரி நகராது. நீ உள்ளே திரையைப் படித்துவிட்டு, கேட்டுக்கு ஓடிவந்து போனில் என்னிடம் சொல்வாய். நான் ஒன்று சொன்னதும் மறுபடி உள்ளே ஓடுவாய். சாயங்காலம் வரை ஓடினாய். "இருந்ததையும் கெடுத்துட்டீகளே" என்றாராம் மேனேஜர்.

மறுநாள் வந்ததும் வராததுமாக நீ சொன்னாய்: "ஏலே, எதையும் தொடுறதுக்கு முன்னாலயே என்ன விண்டோஸ்னு பாத்துரணும். ஆகலைன்னா பேசாம வெளிய வந்துரணும். நம்மகிட்ட கேக்க அவுக கையில போன் இருக்காது, அங்கனயே புரியுற மாதிரி எழுதணும்." அன்றே எழுதியும் முடித்தாய்.

நீ இறந்துபோன பிறகு, ஒவ்வொரு புதுப் பதிப்பின்போதும் விண்டோஸைச் சோதிக்கும் அந்த வரிகளை எடுத்துவிட நினைத்தேன். விண்டோஸ் செவனை இன்னும் எவன் வைத்திருப்பான் என்று எனக்கு எகத்தாளம். பழைய விண்டோஸில் லேபிள் பிரிண்டர் ஓடும்வரை கம்ப்யூட்டரை மாற்றமாட்டார்கள் என்று நீ சொன்னது என் மண்டையில் ஏறவில்லை. ஆனாலும் எடுக்கவில்லை. அவசியம் என்று நினைத்து அல்ல. நீ எழுதியது, அவ்வளவுதான். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதைவிட நிம்மதியாக இருக்கிறது.

மத்தியானம் அந்த வரிகளுக்கு மேலே, 'இதை எடுக்கக் கூடாது' என்று எழுதினேன். காரணத்தையும் எழுதினேன்: போன் கேட்டில் இருக்கும், லாரி உள்ளே நிற்கும். என் நண்பன் எழுதியது என்று போடவில்லை. இனி அதற்கு அந்தச் சலுகை வேண்டியதில்லை.