கூழும் தண்ணீர்தான்

என் பாவாவுக்கு,

குவைத்தில் வெயில் எப்படி? இங்கே ஆடி பிறந்தும் திருத்தணி மலைப்படி கால் வைக்க முடியாமல் சுடுகிறது.

போனில் சொல்ல வாய் வரவில்லை. போன வாரம் அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். ஆஸ்பத்திரியில் தண்ணீரைத்தானே அளந்து குடிக்கச் சொன்னார்கள், கூழ் சாப்பாடாயிற்றே என்று இரண்டு சொம்பு குடித்துவிட்டேன். மறுநாள் டயாலிசிஸுக்குப் போனபோது மூச்சு வாங்கியது, எடையும் ஏறியிருந்தது. நர்ஸ் அனுராதா தலையில் அடித்துக்கொண்டாள்.

"கூழும் தண்ணிதாங்க்கா. ரசம், மோர், ஐஸு எல்லாமே தண்ணிதான். ஒண்ணுக்குப் போவாத ஒடம்பு, உள்ள போனது எங்க போவும்?"

இப்போது காலையிலேயே அன்றைக்கான தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைக்கிறேன். சோற்றுக்கு ரசம் ஊற்றிக்கொண்டால், அந்த அளவு தண்ணீரைப் பாட்டிலிலிருந்து துளசிக்கு ஊற்றிவிடுவேன். ஊறுகாயை விட்டதிலிருந்து நாக்கு அவ்வளவாக வறள்வதில்லை.

நீங்கள் ஒவ்வொரு முறையும் போனை வைக்கும்போது, "தண்ணி நெறைய குடி, இன்னா?" என்கிறீர்கள். நானும் "ஆங்" என்கிறேன். அப்படிச் சொல்ல வேண்டாமென்றால், என்னிடம் பாசமாகச் சொல்ல உங்களுக்கு வேறு பேச்சு இருக்காதோ என்று பயம்.

நானே ஒன்று யோசித்து வைத்திருக்கிறேன். இனிமேல் "வந்துகினே கீறேன்" என்று சொல்லிவிட்டுப் போனை வையுங்கள். நீங்கள் வருவது பொய்யென்று தெரிந்தாலும் "ஆங்" என்பேன்.

இப்படிக்கு,
உங்களைக் கட்டிக்கொண்ட மாமன் மகள்