அண்ணனுடைய காருக்குப் புதுக் கிளட்ச்

செவ்வாய், இரவு

இன்று வேலை முடிந்து வரும்போது, பினாங்குப் பாலத்தின் ஏற்றத்தில் கிளட்ச் நழுவிவிட்டது. ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்க எஞ்சின் அலறியது, கார் நகரவில்லை. கருகிய வாடை வேறு. பின்னால் லாரிகள் ஹாரன் அடித்தன. கடைசியில் இழுவை வண்டிதான் வந்து பட்டறையில் சேர்த்தது.

மெக்கானிக் தேய்ந்த கிளட்ச் தட்டைக் கழற்றிக் காட்டினார். "முடிஞ்சிருச்சு தங்கச்சி. உனக்கோ ஸ்போர்ட்ஸ் காரே பிடிக்காது. இப்படியே வித்துடு லா. ஆள் இருக்கு."

சரி என்று சொல்ல வாயெடுத்துவிட்டேன்.

இந்தக் காரை ஓட்டிய என் அண்ணன் இறந்து ஒரு வருடமாகிறது. இன்னும் அந்த எஞ்சின் சத்தம் தெருமுனையில் கேட்டதுமே அம்மா கேட்டைத் திறக்க ஓடி வருகிறாள். முகமெல்லாம் வெளிச்சம். நான் இறங்கியதும் அது அணைந்துவிடும். தினமும் இப்படித்தான்.

பட்டறையிலிருந்து அம்மாவுக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"கார் எப்ப வீட்டுக்கு வரும்?" என்றாள். நான் எப்படி வருவேன் என்று கேட்கவில்லை.

"புதுசு போட்டுடுங்கண்ணே" என்றேன் மெக்கானிக்கிடம்.

அவர் தேய்ந்த தட்டை ஓரமாக வைத்தார். "நல்ல சாமானா போடறேன். பத்து வருஷத்துக்குக் கவலையில்லை."

நல்ல சேதியாகத்தான் சொன்னார். எனக்கோ, இன்னும் பத்து வருஷம் அம்மாவின் முகம் அணைவதைப் பார்க்கவேண்டும் என்றுதான் கேட்டது.

வெள்ளிக்கிழமைதான் கார் தயாராகும். அதுவரை பஸ்ஸில் வருவேன். கேட்டருகே யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்பது நிம்மதியாக இருக்கிறது.