நாப்பத்தி நாலாவது கைநாட்டு

பூண்டுலோயா,
ஆறாம் லயம்,
19.08.2009

அன்புள்ள கூட்டாளி அப்ராஸுக்கு,

நல்லா இருக்கியாப்பா? ஜிப்ரியா தங்கச்சி, புள்ளைங்க, ஒன் நெட் கடை எல்லாம் சொகமா? இங்க நானும் ராக்காயியும் இருக்கோம். மழை விட்டபாடில்ல. போன கிழமை தேயிலைக் கொழுந்து லொறி வளைவுல பொதைஞ்சு போச்சு. ஆறு பேரு தள்ளுனோம், எனக்கு மீசை வரைக்கும் சேறு. ராக்காயி கதவத் தொறந்துட்டு "யாருங்க வேணும்?"னு கேக்குறா. சரி, அத எழுத வரல.

போன்ல பேசலாம்னா சிக்னலு புள்ளையார் கோயில் பாறையில மட்டுந்தான் கெடைக்கும். அங்க பேசுனா மூணு லயத்து வீட்டுக்கும் கேக்கும். மூணாம் வகுப்போட நின்னவன் எழுத்து, கூட்டி வாசிச்சுக்க.

எம் மக பூரணி ஹட்டன்ல விடுதியில நின்னு ஏ.எல். பரீட்சைக்குப் படிக்கிறது ஒனக்குத் தெரியும். இப்ப லீவுக்கு வந்திருக்கு. முந்தாநாளு லொறி டிரைவர் மிசின்ல அடிச்ச ஒரு கடதாசிய நீட்டுனான். ஃபேஸ்புக்காம். அதுல பூரணி நிக்குது, பக்கத்துல ஜெயரத்தினம் மாஸ்டர் மகன் கஜதீபன். விளையாட்டுப் போட்டியன்னிக்கு மழையாம், ரெண்டு பேருக்கும் ஒத்தக் குடை. எம் புள்ள கடவாப்பல்லு தெரிய சிரிக்குது. படத்துக்குக் கீழ ஒரு கட்டைவிரலு, பக்கத்துல நாப்பத்தி மூணுன்னு போட்டிருக்கு.

அப்ராஸு, நாப்பத்தி மூணு பேரு கைநாட்டு வச்சு சாட்சி சொல்லிருக்காங்க! போன வருசம் லயத்துக் கூரை ஒழுகுதுன்னு தோட்டத் தொரைக்கு மனு குடுத்தோமே, அதுக்கே இருபத்தொம்பது கைநாட்டுதான் சேந்துச்சு.

ஒனக்குத் தெரியாததா? தொண்ணூறுல நீ வெளையாட்டா ரேடியோவுக்கு ஒரு தபால் அட்டை எழுதிப் போட்ட. ஞாயித்துக்கெழம மத்தியானம் ரேடியோவுல "பாடலை விரும்பிக் கேட்டவர்கள், வேலாயி, பொன்னையா"ன்னு படிச்சாங்க. லயம் பூரா கேட்டுச்சு. வேலாயியோட அப்பா கங்காணி அந்நேரம் சவரம் பண்ணிக்கிட்டு இருந்தாரு, ஒரு பக்கத்து மீசையோட எந்திரிச்சு ஓடியாந்தாரு. எட்டே நாள்ல அவள பஸ் ஏத்தி உடப்புசல்லாவைக்கு அனுப்பிட்டாங்க. நான் ஒன் கன்னத்துல அறைஞ்சேன். ரெண்டு வருசம் ஒங்கூட பேசல. பேரு வெளிய வந்தா என்ன ஆகும்னு எனக்குத் தெரியும்.

அந்த மிசினு ஒங்கிட்ட இருக்குல்ல? அந்தப் பயதான் போட்டிருப்பான். படத்த எடுத்துரு. ரெண்டாந்தேதி பள்ளிக்கூடம் தொறக்குது. பூரணிய ஹட்டனுக்கு அனுப்ப மாட்டேன், படிச்சது போதும். என் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பப் போறேன், அதுவும் உடப்புசல்லாவையிலதான். பெட்டி கட்டியாச்சு. புள்ள ரெண்டு நாளா சோறு திங்கல.

ராக்காயி சொல்றா, "புள்ள சிரிக்கத்தானே செய்யுது. நம்ம கல்யாணப் படத்துல நீங்க சிரிக்கவே இல்லையே."

ஒடனே பதில் போடு.

இப்படிக்கு,
பொன்னையா


ஹட்டன்,
25.08.2009

என்ட மச்சான் பொன்னையாவுக்கு அப்ராஸோட சலாம்.

நாங்க எல்லாரும் சொகமா ஈக்கிறோம். ஒன்ட கடிதத்த ஜிப்ரியாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். கைநாட்டு விசயம் வந்த எடத்துல சிரிச்சு சிரிச்சு அவளுக்குப் பொறை ஏறிட்டு.

அது சாட்சி இல்ல மச்சான். படம் புடிச்சிருக்குன்னா அந்த வெரல அமுக்குவாங்க, அவ்வளவுதான். நாப்பத்தி மூணாவது ஆள் யாருன்னு கேளு. நான்தான். ஏசுறதா இருந்தா எனக்கு ஏசு.

கஜதீபன் அதப் போடல்ல. பூரணிதான் என்ட கடையில, மூணாவது மிசின்ல இருந்து போட்டிச்சு. "மாமா, நல்லா இருக்கா?"ன்னு என்னத்தான் கேட்டிச்சு. நல்லா ஈக்குன்னு சொன்னேன். அத எடுக்க என்னால ஏலா, போட்டவங்கதான் எடுக்கணும்.

இனி இன்னொண்டு. ஒருத்திக்கு வாக்குக் குடுத்து பத்தொம்பது வருசம் வாய மூடிட்டு இருந்தேன். நீ பெட்டி கட்டிட்டேன்னு எழுதினதால சொல்றேன். அல்லாஹ் மன்னிக்கட்டும்.

அந்தத் தபால் அட்டைய எழுதினது என்ட கைதான். ஆனா எழுதச் சொன்னது வேலாயி. வாப்பாட கடைக்குப் பருப்பு வாங்க வந்தா. கொழுந்துக் கூடையக் கூட எறக்கல்ல. "அப்ராஸு, எனக்கு உடப்புசல்லாவையில மாப்பிள்ள பேசி முடிச்சிட்டாங்க. பொன்னையாவுக்கு இன்னும் தெரியாது. ஒரு தடவையாச்சும் எங்க ரெண்டு பேரு பேரையும் ஊரு கேக்க சேத்துச் சொல்லட்டும். எம் பேரு மொதல்ல வரணும்"னு சொன்னா. நான் சொன்னேன்னு யாருக்கும் சொல்லாதன்னு கேட்டா. தெரிஞ்சா கங்காணி அவளக் கொன்றுவாரு. அதனாலதான் ஒன்ட அறையையும் வாங்கிக்கிட்டு பேசாம இருந்தேன். நல்ல அறை மச்சான், மழ நாள்ல இன்னும் காது கொய்யுங்குது.

ரேடியோ ஒண்டையும் கெடுக்கல்ல. எல்லாம் முன்னமே முடிஞ்சிட்டு. அவளுக்குக் கெடச்சது அந்த ஒரு மத்தியானந்தான்.

வேலாயிய ஏத்தின அதே பஸ்ஸுல ஒன்ட புள்ளையையும் ஏத்தப் போறியா?

அப்ராஸ்


பூண்டுலோயா,
02.09.2009, காலம்பர

அன்புள்ள அப்ராஸுக்கு,

நல்லா இருக்கியாப்பா? காது எப்படி இருக்கு? அடுத்த தடவ வாரப்ப கன்னத்தக் காட்டுறேன், அந்த அறையத் திருப்பிக் குடுத்துரு.

ஒன் கடுதாசிய வாங்கிட்டுப் போயி லொறி மேல ஒக்காந்து படிச்சேன். மழை பேஞ்சதே தெரியல. "வேலாயி, பொன்னையா"ன்னுதானே அன்னிக்குப் படிச்சாங்க? நீயா எழுதியிருந்தா எம் பேரத்தானே மொதல்ல போட்டிருப்ப. பத்தொம்பது வருசமா இது எனக்குத் தோணலயே.

வீட்டுக்கு வந்து பூரணிகிட்ட கேட்டேன். "யாரு போட்டது?"

"நாந்தாம்ப்பா."

"எதுக்கு?"

"நல்லா இருந்துச்சு, போட்டேன். நீங்க மட்டும் ரேடியோவுல வந்தீங்களாமே? அம்மா சொன்னாங்க."

நான் ராக்காயியப் பாத்தேன். அவ அடுப்ப ஊதிக்கிட்டே சொல்றா, "ஊரே கேட்டுச்சு, எங்க லயத்துல மட்டும் காது இல்லையா? நல்ல பாட்டு அது."

மூணு பேரும் சிரிச்சிட்டோம். புள்ள அன்னிக்குத்தான் வயிறு நெறைய சோறு தின்னுச்சு. பரீட்சை முடியட்டும், அப்புறம் மாஸ்டர் மகன் வீட்டுக்கு வந்து ஒரு பிளேன்டீ குடிக்கட்டும்னு சொல்லிருக்கேன். குடைய அவனே கொண்டு வரணும்.

கட்டுன பெட்டிய அவுக்கல. அதே பெட்டிதான் இன்னிக்கு ஹட்டன் பஸ்ஸுல போகுது. இந்தக் கடுதாசியையும் பூரணிதான் கொண்டு வந்து தரும்.

கீழ தேயிலை ஸ்டோர் முத்திரை மையத் தொட்டு என் கட்டைவிரல வச்சிருக்கேன். அந்தப் படத்துல சேத்துரு, நாப்பத்தி நாலாவதா. ராக்காயியும் வக்கிறேங்கிறா, அவளுக்கு மை காணல.

ஒன்னே ஒன்னு கேக்கணும்ப்பா. அன்னிக்குப் பருப்பு வாங்க வந்தப்ப, வேலாயி அழுதாளா, இல்ல படத்துல எம் புள்ள மாதிரி சிரிச்சாளா... இந்தா, கீழ ரோட்டுல இருந்து "அப்பா, பஸ் வந்துருச்சு, பெட்டியத் தூக்குங்க"ன்னு பூரணி கத்துது, நீ மட்டும் மறைக்காம எனக்கு எழு...